பறவை வீடு செய்யும் முன்: உள்ளே வாழப் போவது யார்?

தோட்டத்துக்கு ஓர் அலங்காரப் பறவை வீடு செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். நீலமா மஞ்சளா, ஓட்டுக்கூரையா கோபுரமா, ஒரு மாடியா மூன்று மாடியா என்று யோசனை ஓடுகிறது. அதற்கெல்லாம் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே பறவை வாழப் போகிறதா, அல்லது அது கண்ணுக்கு மட்டுமா? எந்த மரம், என்ன அளவு, எந்தப் பெயின்ட், எங்கே மாட்டுவது என்று பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இந்தப் பதிலைப் பொறுத்தே மாறுகிறது.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெட்டியைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். முகப்பில் ஓர் ஓட்டை, வெளியே பளபளப்பான பூச்சு, உள்ளேயோ மெல்லிய சுவர், நீர் வடியாத தரை, காற்றோட்டமில்லாத கூரை. பறவைக்கு இந்தக் குறைகள் தெரியாது. ஓட்டையைப் பார்த்ததும் பொந்து என்று நம்பி முட்டையிட்டுவிடும். வெயில் ஏறும் நாளில் உள்ளே புழுங்கிக் குஞ்சுகள் இறக்கும்; மழை நாளில் கூடு நனைந்து அவை குளிரில் விறைத்துப்போகும். அப்படியொரு பெட்டியை மாட்டுவதைவிட எதையும் மாட்டாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

பெட்டிக்கு வருபவை, வராதவை

எல்லாப் பறவைக்கும் பெட்டி தேவைப்படுவதில்லை. தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தானே நெய்துகொள்கிறது. தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொள்கிறது. தேன்சிட்டு கிளை நுனியில் தொங்கும் கூடு கட்டுகிறது, கொண்டைக்குருவி புதருக்குள் கட்டுகிறது. இவை உங்கள் தோட்டத்துக்கு வர வேண்டுமென்றால் பலகையையும் ரம்பத்தையும் விட்டுவிட்டு அடர்த்தியான ஒரு புதரை வளர்ப்பதே சரியான வழி.

பெட்டிக்குள் வருபவை பொந்துகளில் கூடு கட்டும் பறவைகள்: சிட்டுக்குருவி, பட்டாணிக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், சிலவகை ஆந்தைகள். பட்டுப்போன முதிய மரங்களில் தானாக விழும் பொந்துகளும், மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன துளைகளும்தான் இவற்றின் இயற்கையான இருப்பிடம். பட்ட மரங்களை உடனுக்குடன் வெட்டிச் சுத்தம் செய்யும் இடங்களில் அவை கிடைப்பதில்லை. அந்தக் குறையைத்தான் மனிதர் செய்யும் பெட்டி ஈடுகட்டுகிறது. வட அமெரிக்காவில் கிழக்கத்திய நீலப்பறவையின் எண்ணிக்கை சரிந்தபோது, 1934இல் இல்லினாய் மாநிலத்தில் டி. இ. மசல்மேன் என்பவர் சாலையோரங்களில் வரிசையாகப் பெட்டிகளை மாட்டத் தொடங்கினார். அந்த வழக்கம் பரவி, 1978இல் அந்தப் பறவைக்கென்றே ஒரு சங்கம் உருவாகும் அளவுக்கு வளர்ந்தது. அந்தப் பறவை மீண்டும் பெருகியதில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றைப் பயனுள்ளவையாக ஆக்கியது அழகு அல்ல, அளவு.

கண்ணுக்கு மட்டும் என்றால்

இந்த வழியில் கட்டுப்பாடு குறைவு. மெல்லிய ப்ளைவுட், தகரம், பழைய தேநீர்க் கெண்டி, கிளிஞ்சல், உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்த மொசைக் என்று எதையும் பயன்படுத்தலாம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைகூடச் சரிதான், ஈரம் பட்டால் ஊதிப்போகும் என்பதால் தாழ்வாரத்துக்கு அடியில் தொங்கவிட வேண்டும்.

நிபந்தனை ஒன்றுதான்: வாசல் அடைபட்டிருக்க வேண்டும். ஓட்டை போட்டுவிட்டு உள்பக்கத்திலிருந்து ஒரு பலகைத் துண்டை ஒட்டி, அதன் முகத்துக்குக் கறுப்படித்துவிட்டால் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஆழமான வாசலாகவே தெரியும். கம்பி வலையால் அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலகோ காலோ அதில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, வாசலை மூடிய பெட்டியிலும் சணல், நைலான் இழை, மீன்பிடி நரம்பு போன்றவற்றைத் தொங்கவிடாதீர்கள். பறவைகள் அவற்றை உருவிக்கொண்டு போய்த் தங்கள் கூட்டில் வைத்துக் கட்டும். குஞ்சுகளின் கால்களில் அவை சுற்றி இறுகும்.

வாழ்வதற்கு என்றால்: மாற்றக் கூடாத அளவுகள்

வாசலின் விட்டம்தான் யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பட்டாணிக்குருவிக்கு 28 மில்லிமீட்டர் போதும். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர். மைனாவுக்கு அதைவிடக் கணிசமாகப் பெரிய வாசல் வேண்டும். சிறிய பறவைக்குப் பெரிய வாசல் வைத்தால் தாராளம் என்று நினைக்க வேண்டாம். அதைவிடப் பெரிய பறவை நுழைந்து விரட்டிவிடும், அல்லது எதிரி உள்ளே வந்துவிடும். நாலு மில்லிமீட்டர் வேறுபாடு இங்கே உயிர் விவகாரம்.

சிறு பறவைக்குத் தரைப்பரப்பு குறைந்தது 10 சென்டிமீட்டர் சதுரம் இருக்க வேண்டும். வாசலின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 12.5 சென்டிமீட்டர் ஆழம் தேவை. கடைகளில் விற்கும் அலங்காரப் பெட்டிகளில் பெரும்பாலானவை தோற்றுப்போவது இங்கேதான். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று வாசலை நடுவிலோ அதற்கும் கீழோ வைத்துவிடுகிறார்கள். பூனை காலை உள்ளே விட்டால் குஞ்சு கைக்கெட்டும்.

சுவர் 15 மில்லிமீட்டர் தடிமனாவது இருந்தால்தான் வெப்பமும் குளிரும் சட்டென்று உள்ளே இறங்காது. தரையின் மூலைகளில் நீர் வடியச் சிறு துளைகள், கூரைக்குச் சற்றுக் கீழே பக்கச் சுவர்களில் காற்றுத் துளைகள், முன்பக்கம் வாசலைத் தாண்டி நீளும் சரிவான கூரை, ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்யத் திறக்கக்கூடிய ஒரு பக்கம் ஆகியவையும் வேண்டும். முகப்புப் பலகையின் உள்பக்கத்தை இழைத்து வழவழப்பாக்காதீர்கள். குஞ்சு வெளியேறும் நாளில் அதைப் பற்றித்தான் ஏறி வர வேண்டும். மரம் ஏற்கெனவே வழவழப்பாக இருந்தால் ரம்பத்தால் குறுக்கே நாலைந்து கீறல் போட்டுவிடுங்கள்.

இனி, வாசலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குச்சி. பறவை வீடு என்றதும் எல்லோர் மனத்திலும் எழும் படத்தில் அது இருக்கிறது. பொந்தில் வாழும் பறவைக்கு அது தேவையே இல்லை. செங்குத்தான மரப்பட்டையில் பற்றிக்கொண்டு நேரே உள்ளே நுழைய அதற்குத் தெரியும். குச்சியால் பயன் பெறுவது, அதில் வந்து உட்கார்ந்து உள்ளே தலைநீட்டும் வேட்டைப் பறவையும் தொல்லை தரும் அண்டைப் பறவையும்தான். பறவை வாழும் பெட்டியில் எந்த அலங்காரத்தையும் விட்டுத்தரத் தயார், இந்தக் குச்சியை மட்டும் வைக்க விடமாட்டேன்.

பலகையா, குடுக்கையா, மண்ணா, தகரமா?

பலகைதான் என் முதல் தேர்வு. 15 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள ஒரே பலகையிலிருந்து ஒரு சிறு பெட்டிக்கான எல்லாத் துண்டுகளையும் அறுத்துவிடலாம். வெளிநாட்டு சீடர் மரமும் தேக்கும் பூச்சு இல்லாமலே ஈரத்தைத் தாங்கும். பைன் அறுக்கவும் இழைக்கவும் எளிது, ஆனால் வெளிப்பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் உளுத்துப்போகும். முதல் முறை செய்பவருக்கு நான் பைனையே சொல்வேன்; தவறாக அறுத்தாலும் மனம் வலிக்காது, கற்றுக்கொள்ளவும் முடியும். வெளி உபயோகத்துக்கான ப்ளைவுட்டும் ஒத்துக்கொள்ளக்கூடியதே, ஓரங்களை நன்றாக அடைத்துப் பூசினால். ஆணியைவிடத் திருகாணி நல்லது: மரம் மழையில் விரிந்து வெயிலில் சுருங்கினாலும் மூட்டு இளகாது. முனை எதுவும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை விரலால் தடவிப் பாருங்கள்.

பழைய மரத்தை மீண்டும் பயன்படுத்துவது அழகான யோசனை. வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் நிறமேறிய பலகைக்கு ஈடாக எந்தப் பெயின்டும் வராது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் பூசிய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு முடிவோடு நின்றது என்றாலும் அதற்கு முந்தைய மரம் இன்னும் புழக்கத்தில் உண்டு. சரக்குப் பெட்டிகளை ஏற்றும் மரத்தட்டுகளில் முத்திரை ஒன்று இருக்கும். ‘எச்.டி.’ என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகையூட்டியது. அதைத் தொடவே வேண்டாம்.

சுரைக்குடுக்கை எனக்கு மிகவும் பிடித்த இரண்டாவது வழி. ரம்பம் பிடிக்கத் தெரியாதவரும் செய்யலாம், வடிவம் செடியிலேயே அமைந்துவிடுகிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஊதா மார்ட்டின் என்ற தகைவிலான் இனம், கூடு கட்ட ஏறக்குறைய முழுவதும் மனிதர் தரும் வீடுகளையே நம்பியிருக்கிறது. அந்த உறவுக்கு அடித்தளமிட்டது அங்கிருந்த பூர்வகுடிகள் தொங்கவிட்ட குடுக்கைகள். குடுக்கையில் வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். பறித்த காய் முழுவதும் காயச் சில மாதங்கள் ஆகும். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். துளையிட்டு உட்புறத்தைச் சுரண்டும்போது பறக்கும் தூள் பூஞ்சணம் நிறைந்தது, முகக்கவசம் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். அடியில் வடிகால் துளைகளைப் போட்டு, வெளியே மட்டும் பூச்சு கொடுத்தால் சில ஆண்டுகள் உழைக்கும். குறை என்னவென்றால், பக்கவாட்டில் திறக்க முடியாததால் சுத்தம் செய்வது சிரமம். ஊசலாடும் வீட்டை எல்லாப் பறவையும் ஏற்றுக்கொள்வதுமில்லை.

சுடுமண் கலயத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. நெதர்லாந்துப் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுவர்களில் மண்கலயங்களை மாட்டி மைனாவின் உறவான ஸ்டார்லிங்குகளை வரவழைத்தார்கள். குஞ்சுகளை எடுத்து உண்பதற்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண்கலயம் நிழலில் இருந்தால் உள்ளே இதமாக இருக்கும், மெருகு பூசாத மண் ஈரத்தையும் மெல்ல வெளியேற்றும். நேர் வெயிலில் அது தாங்காது; உறைபனி விழும் இடங்களில் விரிசல் விடும். சக்கரத்தில் மண் வனையத் தெரிந்தவருக்கு இது அருமையான வழி, ஏனென்றால் வாசலைப் பச்சை மண்ணாக இருக்கும்போதே சரியான அளவில் வெட்டிவிடலாம். மண் சுடும்போது சுருங்கும் என்பதால் வாசலைச் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டும். சுட்ட தொட்டியை வாங்கித் துளையிடுவது பொறுமையைச் சோதிக்கும், பாதி உடைந்துவிடும்.

மரத்தூளையும் சிமெண்டையும் கலந்து வார்க்கும் பெட்டிகளும் உண்டு. ஐரோப்பாவில் பறவை ஆய்வாளர்கள் இவற்றை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்: இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கும், மரங்கொத்தியால் கொத்த முடியாது, அணிலால் கொறித்து வாசலைப் பெரிதாக்க முடியாது. ஆனால் அச்சு செய்ய வேண்டும், வார்த்தபின் வாரக்கணக்கில் ஆறவிட வேண்டும், கனமும் அதிகம். ஒரே ஒரு பெட்டிக்காக இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. பத்துப் பெட்டிகள் செய்யும் எண்ணமிருந்தால் யோசிக்கலாம்.

தகரம், கெண்டி, பழைய காலணி, கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைப் பறவை வாழ்வதற்காக ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். உலோகமும் கண்ணாடியும் வெயிலில் எவ்வளவு சுடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உலோகத்துக்கு ஒரு நல்ல இடம் உண்டு: சரியான அளவில் துளையிட்ட செம்புத் தகட்டை வாசலைச் சுற்றிப் பதித்தால் கொறிக்கும் பிராணிகள் வாசலை அகலப்படுத்த முடியாது. வெயில் பட்டுக் கறுத்துப் பின் பச்சையேறும் அந்தச் செம்பு, பெட்டியிலேயே மிக அழகான உறுப்பாகவும் ஆகிவிடும். ஓரங்களை அரத்தால் மழுக்கிவிடுவது அவசியம்.

நிறமும் அலங்காரமும்

பெயின்ட், எண்ணெய், வெறும் மரம் என்று மூன்று வழிகள். பெயின்ட் என்றால் நீர் கலந்த வகை, வெளிப்பக்கம் மட்டும். உட்புறத்திலும் வாசலின் உள்விளிம்பிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. வெளிர் நிறங்கள் வெப்பத்தைத் திருப்பியனுப்பும். கரும்பச்சையும் கறுப்பும் நிழலில் மட்டுமே செல்லும். எண்ணெய் என்றால் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். உலரச் சில வாரங்கள் எடுக்கும், மரத்தின் ரேகைகளை எடுத்துக்காட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும். என்னைக் கேட்டால், சுவர்களை எண்ணெயோடு விட்டுவிட்டுக் கூரைக்கு மட்டும் நிறம் கொடுப்பதே தோட்டத்தில் அதிகம் பொருந்துகிறது. பளீரென்ற பெட்டி மனிதர் கண்ணை மட்டுமா இழுக்கிறது, வேட்டையாடும் கண்ணையும்தானே.

அலங்காரத்துக்கு எங்கே இடம் தேடுவது என்பதற்கு உஸ்மானியக் கலைஞர்கள் அழகான விடை வைத்திருக்கிறார்கள். இஸ்தான்புல்லில் மசூதிகளின் வெளிச்சுவர்களில் பறவைகளுக்கென்றே சிறு கல் மாளிகைகளைச் செதுக்கிப் பதித்தார்கள். அந்நகரின் உஸ்குதார் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அயாஸ்மா மசூதியில் அவற்றைக் காணலாம். குவிமாடம், சிறு ஜன்னல்கள், மாடம் என்று நுணுக்கம் எல்லாம் முகப்பில்; மாளிகை இருப்பதோ எவரும் எட்ட முடியாத உயரத்தில். பலகைப் பெட்டிக்கும் இதையே கடைப்பிடிக்கலாம். கூரை, கூரையின் ஓரப்பட்டை, பின்பலகையின் நீளும் மேல்பகுதி, பெட்டி நிற்கும் கம்பம் ஆகிய நான்கிலும் உங்கள் கைத்திறன் முழுவதையும் காட்டலாம். மரச்சீவல்களை ஓடுகளாக அடுக்கிய கூரையோ, செதுக்கிய ஓரப்பட்டையோ பறவைக்கு எந்த இடைஞ்சலும் தராது. அடுக்குக் கூரை உள்ளே வெப்பம் இறங்குவதைக்கூடச் சற்றுக் குறைக்கும். மணிகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் வாசலைச் சுற்றி ஒட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மாடி மாடியாகக் கட்டும் ஆசைக்கு ஒரு வரம்பு உண்டு. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது, எனவே தனித்தனி அறைகளுள்ள வரிசை வீட்டை ஏற்றுக்கொள்ளும். பட்டாணிக்குருவி தன் எல்லைக்குள் இன்னொரு சோடியை விடாது. அதற்கு மூன்று மாடி கட்டினால் ஒன்றில்தான் குடியேறும். தோற்றத்துக்காக மாடி வேண்டுமென்றால் ஒரு வாசலை மட்டும் உண்மையாக வைத்து, மற்றவற்றை அடைத்து வரைந்துவிடலாம்.

மாட்டும் இடமும், யாருக்கு எது பொருந்தும் என்பதும்

வழவழப்பான உலோகக் கம்பம்தான் பாதுகாப்பில் முதலிடம். அதன் நடுவில் கவிழ்த்த கூம்பு வடிவத் தகட்டைப் பொருத்தினால் பூனையும் பாம்பும் ஏறுவது கடினம். சுவர் அடுத்தபடி, சிட்டுக்குருவிக்கு இறவாணத்துக்குக் கீழுள்ள சுவரே மிகவும் பிடிக்கும். மரம் பார்வைக்கு அழகு, ஆனால் ஏறி வருவதற்கும் எளிது. மரத்தில் கட்டுவதானால் ஆணி அடிக்காமல், மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிடக்கூடிய பட்டையால் கட்டுங்கள். தரையிலிருந்து 2 முதல் 4 மீட்டர் உயரம் போதும். வாசல் பிற்பகல் வெயிலையும் மழைக்காற்றையும் பார்த்திருக்கக் கூடாது. வாசலுக்கு முன்னால் பறந்து வரத் தடையில்லாத வெளி வேண்டும். தீனித்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஓயாத வரத்தும் சண்டையும் அடைகாக்கும் பறவையை அலைக்கழிக்கும்.

நேரம் குறைவாக இருப்பவர், துண்டுகளாக அறுத்து வரும் தொகுப்பை வாங்கி மேலே சொன்ன அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பொருத்தலாம். குச்சி இருந்தால் பிடுங்கித் துளையை அடைத்தால் போதும். குழந்தைகளோடு சேர்ந்து செய்பவருக்கு இரண்டு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்ளும்படி சொல்வேன்: குழந்தைகள் விரும்பியபடி வண்ணம் தீட்ட வாசலடைத்த ஒன்று, பெரியவர் அளந்து அறுக்கும் மற்றொன்று. தோட்டத்தில் பூனைகள் சுதந்திரமாகத் திரிகின்றன, கம்பமும் நட முடியாது என்றால் வாசலடைத்த அலங்காரப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பறவையை அங்கே அழைக்க வேண்டாம். மற்ற எல்லோருக்கும் என் பரிந்துரை மாறாதது: பைன் அல்லது சீடர் பலகை, ஒரே அறை, எண்ணெய் பூசிய சுவர், மனம்போல் அலங்கரித்த கூரை, வாசலில் ஒரு செம்புத் தகடு.

இனப்பெருக்கக் காலத்துக்குச் சில மாதங்கள் முன்பே பெட்டியை மாட்டிவிட்டால் பூச்சின் வாடை போய்விடும், பறவைகளும் அதைப் பார்த்துப் பழகும். முதல் ஆண்டு யாரும் வராவிட்டால் இடத்தை உடனே மாற்றிவிடாதீர்கள். சிட்டுக்குருவி ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடும் என்பதால், முதல் குஞ்சுகள் பறந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது. பருவம் முழுவதும் ஓய்ந்து, உள்ளே எவரும் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகு, பழைய கூட்டை எடுத்துப்போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி ஒட்டுண்ணிகளை அழித்து, நன்றாக உலரவிட்டு மூடுங்கள். பூச்சிக்கொல்லி எதுவும் தேவையில்லை. கூரையின் நிறத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதையும் அந்த இடைவெளியிலேயே முடித்துவிடுங்கள்.